பூட்டு அப்படியே இருந்தது, கதவு திறந்திருந்தது

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்தில், சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று நானும் அம்மாவும் தேனிக்குப் போயிருந்தோம். இரண்டு ராத்திரி தங்கல். மூன்றாம் நாள் விடிந்தும் விடியாமலும் எதிர்வீட்டு அக்கா போனில் அழைத்தார். "பாப்பா, எப்ப வந்தீங்க? வாசக்கதவு திறந்து கிடக்கு, உள்ள லைட்டே எரியலையே" என்றார். நாங்கள் வரவே இல்லை என்று நான் சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது.

மதுரை திருநகரில் இருக்கிறது எங்கள் வீடு. 1988-ல் அப்பா கட்டியது. அப்பா இறந்த பிறகு அம்மா மட்டும் அங்கே இருக்கிறார், நான் வேலைக்காகச் சென்னையில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் போலீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தார். "எதையும் தொடாதீங்கம்மா, கைரேகை எடுக்க ஆளுங்க வர்றாங்க" என்று படியிலேயே எங்களை நிறுத்திவிட்டார். அங்கே நின்றபடிதான் அதைப் பார்த்தேன். படியோரம், அம்மாவின் பழைய செருப்புக்குப் பக்கத்தில், கதவிலிருந்து பெயர்ந்த வெளித் தாழ்ப்பாள் கிடந்தது. கடையில் ஆல்ட்ராப் என்று கேட்டு வாங்குகிறோமே, அது. அதில் பூட்டு இன்னும் மாட்டியிருந்தது, பூட்டியபடி. மேலே ஒரு கீறல் இல்லை. சாவி என் கைப்பையில் இருந்தது.

அது நல்ல பூட்டுதான். முந்தைய வருடம் டவுன் ஹால் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, எட்டு லீவர் (பூட்டுக்குள் சாவி தூக்கும் தகடுகள்), கனமான உடம்பு என்று பார்த்துப் பார்த்து நான் வாங்கியது. திருடன் அதன் பக்கமே போகவில்லை. ஆல்ட்ராப்புக்குப் பின்னால் கம்பியைச் செருகி நெம்பியிருக்கிறான், அவ்வளவுதான். அதைக் கதவோடு பிடித்துக்கொண்டிருந்தவை அரை அங்குலத் திருகாணிகள். அதில் ஒன்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன். வளையவில்லை, நெளியவில்லை. அதன் மரையில் கொஞ்சம் தேக்குத் தூள் ஒட்டியிருக்கிறது. வெண்ணெயில் குத்திய குச்சியை உருவுவதுபோல் நேராக வெளியே வந்திருக்கிறது.

அம்மாவின் இரண்டு வளையல், வெள்ளிச் சாமான், கொஞ்சம் பணம், அப்பாவின் கைக்கடிகாரம், இவ்வளவும் போயின. கடிகாரத்தைப் பற்றித்தான் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் சரியாகத் தூங்கவில்லை. ராத்திரி நாலைந்து தடவை எழுந்து கதவைத் தள்ளிப் பார்ப்பார். டிரங்குப் பெட்டியை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக்கொடுப்பார். காலையில் அதை நகர்த்த முடியாமல் மூச்சு வாங்குவார். அந்த இரண்டு மாதத்தில் பூட்டைப் பற்றி நான் கேட்டதையும் பார்த்ததையும் செய்ததையும் எழுதி வைக்கிறேன். வயதான ஒருவர் தனியாக இருக்கும் வீடு யாருக்காவது இருந்தால் இது உதவும்.

நான் முதலில் செய்தது தவறான காரியம். பதற்றத்தில், சென்னைக்குத் திரும்பிய வேகத்தில், விரல் வைத்தால் திறக்கும் டிஜிட்டல் பூட்டு ஒன்றை ஆர்டர் செய்து ஆள் வைத்து மாட்டிவிட்டேன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. வாழ்நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, விரல் ரேகை தேய்ந்துபோன கை. ரேஷன் கடையில் அந்த மெஷினில் நாலு தடவை விரலை மாற்றி மாற்றி வைத்தாலும் எடுக்காது, கடைசியில் வேறு வழி பார்ப்பார்கள். அதே கையை வீட்டு வாசலில் வைத்தால் மட்டும் எப்படி எடுக்கும்? பத்துக்கு ஆறு தடவை திறக்கவில்லை. ரகசிய எண்ணை மறந்துவிடுவோமோ என்று பயந்து காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். பேட்டரி தீரப்போகிறது என்று அது கீச்சிடத் தொடங்கியபோது, யாரோ வெளியில் நின்று ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்து, விடியும்வரை ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். காலையில்தான் எனக்குப் போன் வந்தது. அன்றே அதைக் கழற்றச் சொல்லிவிட்டேன்.

டிஜிட்டல் பூட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சென்னையில் என் ஃப்ளாட்டில் அதுதான் இருக்கிறது. பள்ளியிலிருந்து பிள்ளை எனக்கு முன்னால் வந்துவிடுவாள், வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி எண் கொடுக்கலாம், அவர் நின்றுவிட்டால் அந்த எண்ணை அழித்துவிடலாம். ஆனால் மூன்று விஷயத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சாதாரணச் சாவி போட்டுத் திறக்கும் வழி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தச் சாவியைப் பீரோவுக்குள் வைத்துவிட்டு வெளியே நின்றால் பயனில்லை, ஆபீஸிலோ நம்பிக்கையான சொந்தக்காரர் வீட்டிலோ இருக்க வேண்டும். பேட்டரி சுத்தமாகத் தீர்ந்துபோனால் வெளியிலிருந்து கரண்ட் கொடுக்க ஓர் இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிலவற்றில் ஒன்பது வோல்ட் சதுர பேட்டரியை வைத்து அழுத்தினால் உயிர் வரும், சிலவற்றில் டைப்-சி ஒயரில் பவர் பேங்கைச் செருகலாம். மாட்ட வருபவரை இதைச் செய்து காட்டச் சொல்லி, நம் கையால் ஒருமுறை செய்து பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும்.

சரி, அம்மா வீட்டுக்கு வருகிறேன். டிஜிட்டல் பூட்டைக் கழற்றிய ஓட்டையோடு நின்ற கதவைப் பார்க்க, அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு வேலை செய்யும் ஆசாரி அண்ணன் வந்தார். பூட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் கதவைத் தட்டிப் பார்த்தார். பிறகு நிலையைத் தட்டினார். கதவின் கனத்தை டேப் வைத்து அளந்தார், ஒன்றரை அங்குலம். நிலைக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் விட்டிருந்த சிமென்ட்டை உளியால் சுரண்டிப் பார்த்தார். அப்புறம்தான் சொன்னார்: "தங்கச்சி, கதவு தேக்கு. நிலை வேம்பு, நல்லாத்தான் இருக்கு. ஆனா நிலையைச் சுவரோட பிடிச்சிருக்கிற இரும்புப் பட்டை, ஹோல்டுஃபாஸ்ட்டு, கீழ ஒண்ணு துருப்பிடிச்சுப் போச்சு. அதைச் சரி பண்ணாம எம்புட்டு விலையில பூட்டுப் போட்டாலும், உதைச்சா நிலையோட வரும்."

இதை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை, அவர் விற்பது பூட்டு. ஆனால் நம் ஊரில் கம்பி போட்டு நெம்புவதும் கதவை உதைப்பதும்தான் வழக்கம். கள்ளச்சாவி போட்டு, லீவர் லீவராகத் தடவித் திறக்கும் பொறுமை உள்ளவன் அபூர்வம். அப்படியானால் நாம் காசு போட வேண்டியது எதில்? கதவு, நிலை, திருகாணி, கீல், இவற்றில். அவற்றுக்குப் பிறகுதான் பூட்டு.

ஆசாரி அண்ணன் அந்த ஹோல்டுஃபாஸ்ட்டை மாற்றி, கான்கிரீட் வைத்து மூடினார். ஆல்ட்ராப் மறுபடி போட வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே பூட்டுத் தொங்கினால், வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே எழுதி ஒட்டிய மாதிரி. கதவுக்குள்ளேயே இருக்கும் பூட்டு என்றால், உள்ளே ஆள் இருந்து பூட்டியதா, வெளியிலிருந்து பூட்டிப் போனதா என்று பார்ப்பவனுக்குத் தெரியாது. ஆல்ட்ராப்தான் இருக்கிறது, மாற்ற வசதியில்லை என்பவர்கள் குறைந்தபட்சம் அந்தத் திருகாணிகளையாவது கழற்றிவிட்டு, கதவின் மறுபக்கம் வரை போகும் போல்ட்டுப் போட்டு, உள்பக்கம் வாஷரும் நட்டும் வைத்து முடுக்கிவிடுங்கள். வெளியில் தெரியும் தலை வழுவழுவென்று உருண்டையாக இருக்க வேண்டும், ஸ்பேனரோ ஸ்க்ரூ டிரைவரோ பிடிக்கக் கூடாது. அரை மணி நேர வேலை. இதைச் செய்திருந்தால் அப்பாவின் கடிகாரம் இன்றைக்கும் இருந்திருக்கும் என்று இன்னும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

கதவோடு சேர்ந்த பூட்டில் இரண்டு வகை பார்த்தோம். கதவின் கனத்துக்குள் குடைந்து உள்ளே இறக்குவது மார்டைஸ் பூட்டு. பார்க்க அழகு, கைப்பிடியோடு வரும், புது வீடுகளில் பெரும்பாலும் அதுதான். ஆனால் ஒன்றரை அங்குலக் கதவில் அந்தப் பெட்டிக்காகக் குடைந்தால் இரண்டு பக்கமும் அரை அங்குலத்துக்கும் குறைவாகத்தான் கட்டை மிஞ்சும். முப்பத்தைந்து வருடப் பழைய கதவில், ஏற்கெனவே ஓட்டை போட்ட இடத்துக்குப் பக்கத்தில், அது வேண்டாம் என்றார். இன்னொன்று ரிம் பூட்டு. கதவின் உள்முகத்தில் ஒரு இரும்புப் பெட்டியாக உட்கார்ந்துகொள்ளும், வெளியே சாவித் துளை மட்டும் தெரியும். அதையே தேர்ந்தெடுத்தோம். பூட்டினால் மூன்று தடித்த போல்ட்டுகள் பூட்டிலிருந்து நிலைக்குள் போகிற வகை.

மார்டைஸ் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் சாவி நுழைகிற சிலிண்டர் அறுபது, எழுபது மில்லிமீட்டர் என்று வெவ்வேறு நீளத்தில் வரும். கதவின் கனத்துக்குப் பொருந்தாமல் நீளமானதைப் போட்டால் முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதை இடுக்கியால் பிடித்து மடக்கினால் நடுவில் முறியும், பிறகு பூட்டு திறந்த மாதிரிதான். பக்கத் தகட்டோடு சமமாக, விரல் நுனியில் தட்டாத அளவுக்கு இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், கதவை இழுத்துச் சாத்தினாலே 'டிக்' என்று மாட்டிக்கொள்கிறதே, அந்த நைட் லாட்ச். அதன் நாக்கு ஸ்பிரிங்கில் நிற்கிறது. சரிந்த முனை உள்ள நாக்கு என்றால் ஒரு பிளாஸ்டிக் அட்டையால்கூடப் பின்னுக்குத் தள்ள முடியும். சாவியைத் திருப்பினால்தான் நகரும் சதுர முனை போல்ட்டுதான் உண்மையான பூட்டு. அந்த போல்ட்டும் சில பூட்டுகளில் ஒரு திருப்புக்குப் பாதிதான் வெளியே வரும், இரண்டாவது திருப்பில்தான் முழுக்க நிலைக்குள் போகும். நம்மில் பாதிப்பேர் அவசரத்தில் ஒரு திருப்போடு போய்விடுகிறோம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பி, போல்ட்டு எவ்வளவு நீளம் வருகிறது என்று ஒருமுறை பாருங்கள். ஒரு அங்குலமாவது வர வேண்டும்.

அந்த போல்ட்டு போய் உட்காரும் தகடு நிலையில் எதனால் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். பூட்டோடு கவரில் போட்டுத் தரும் திருகாணிகளை ஆசாரி அண்ணன் ஓரமாக வைத்துவிட்டார். ஹார்டுவேர் கடையில் மூன்று அங்குலத் திருகாணிகள் வாங்கி வரச் சொல்லி, நிலையின் முழு கனத்துக்கும் ஏற்றினார். அன்று அம்மா வீட்டுக் கதவுக்குச் செய்த செலவிலேயே இதுதான் மிகவும் குறைந்த செலவு, எனக்கு மிகவும் நிம்மதி தந்ததும் இதுதான்.

பூட்டை முடிவுசெய்வதற்கு முன் திண்டுக்கல்லுக்கும் ஒருமுறை போய் வந்தேன். வாசலில் கிரில் கேட் போட முடிவு செய்திருந்தோம், அதற்கு ஒரு பூட்டு வேண்டும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகாரிலிருந்து வரும் மலிவான பூட்டுகளோடு போட்டிபோட முடியாமல் பட்டறைகள் குறைந்துகொண்டே போகின்றன. நான் போன பட்டறை ஒரு வீட்டின் திண்ணை அளவுதான். அங்கே இருந்த பெரியவர், முடிக்காத பூட்டு ஒன்றைத் திறந்தபடி என் கையில் கொடுத்து, "சாவியைப் போட்டுத் திருப்பிப் பாரு தாயி" என்றார்.

உள்ளே பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு. அவைதான் லீவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வெட்டு. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் வெவ்வேறு உயரத்துக்குத் தூக்குகின்றன. எல்லா வெட்டுகளும் ஒரே கோட்டில் வந்து நிற்கும் நொடியில் ஒரு சிறு முளை அந்தச் சந்துக்குள் நுழைந்து போகிறது, பூட்டு திறக்கிறது. அவர் சாவியின் ஒரு பல்லில் மெல்லிய காகிதத்தை மடித்து ஒட்டி, "இப்பத் திருப்பு" என்றார். ஒரு தகடு மயிரிழை உயரமாகப் போய்விட்டது. முளை முட்டிக்கொண்டு நின்றது. கம்மியாகத் தூக்கினாலும் திறக்காது, கூடத் தூக்கினாலும் திறக்காது. லீவர் எத்தனை என்பதைவிட அந்த வெட்டு எவ்வளவு நெருக்கமாக ராவப்பட்டிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது தொழில் என்று அப்போது புரிந்தது. அவர் ராவியதை நான் பார்த்தேன்: இரண்டு இழுப்பு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, மறுபடி ஒரு இழுப்பு.

கேட்டுக்குத் தொங்கும் பூட்டு எப்படிப் பார்த்து வாங்குவது என்று அவரிடமே கேட்டேன். வளையம் தடிமனாக இருக்க வேண்டும், அதைவிட முக்கியம், பூட்டிய பிறகு வளையத்துக்கும் பூட்டின் உடம்புக்கும் நடுவில் இடம் குறைவாக இருக்க வேண்டும் என்றார். சந்து பெரிதாக இருந்தால் கம்பியை விட்டு முறுக்கிவிடலாம். எண்ணெய் விஷயத்தையும் அவராகத்தான் எடுத்தார். "தேங்காண்ணெ மட்டும் விட்றாத. ரெண்டு நாளைக்கு நல்லா இருக்கும், அப்புறம் தூசியைப் பிடிச்சுப் பிசினாப் போயிரும்." அம்மா பல வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பென்சிலின் கருப்பு முனையைப் பொடி செய்து சாவியில் தடவி நாலு தடவை போட்டு எடுத்தால் போதும். இப்போது அதுதான் செய்கிறோம், சாவி வழுக்கிக்கொண்டு போகிறது.

உள்பக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. உள்ளே இருந்து திறக்கவும் சாவி தேவைப்படும் பூட்டை ஆட்கள் தங்கும் வீட்டில் போடாதீர்கள். ராத்திரி கேஸ் சிலிண்டர் கசிந்தாலோ, ஷார்ட் சர்க்யூட்டில் புகை வந்தாலோ, அந்த இருட்டில் சாவியைத் தேட முடியாது. உள்ளே கையால் திருப்பும் குமிழ் இருக்க வேண்டும். அந்தக் குமிழும் பெரிதாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி, சின்னக் குமிழைத் திருப்ப முடியவில்லை. கடையில் மூன்று பூட்டுகளை வாங்கிப் பார்க்க அனுமதி கேட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, லைட்டை அணைத்துவிட்டு, அம்மாவையே ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னேன். மூன்றாவதை அவர் தடவித் தடவி மூன்று நொடியில் திறந்தார். விலையில் அது நடுவில் இருந்தது. அதையே மாட்டினோம்.

வாசலைச் சரி செய்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசாரி அண்ணன் மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். மாடிக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது, கீல்கள் வெளியே தெரிந்தன. கீலின் ஆணியை ஒரு சுத்தியலால் தட்டி உருவினால் பூட்டிய கதவைப் பூட்டோடு எடுத்துச் சாய்த்து வைத்துவிடலாம். இதற்கு அவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. கீல் இருக்கும் பக்கம் கதவின் விளிம்பில் இரண்டு தடித்த திருகாணிகளை ஏற்றி, அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டார். தலையை அறுத்து மழுங்க ராவினார். நிலையில் அதற்கு நேராக இரண்டு துளை. கதவைச் சாத்தினால் அவை நிலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. இனி கீல் ஆணியை உருவினாலும் கதவு வராது. கொல்லைப்புற பிவிசி கதவுக்கு முன்னால் ஒரு இரும்புக் கதவே போட வேண்டியிருந்தது, அதற்கு வேறு வழியில்லை.

சாவிக் கதை சின்னது. மிதியடி, பூந்தொட்டி, மீட்டர் பெட்டி, செருப்பு அலமாரி, இந்த நான்கு இடங்களையும் திருடனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உபரிச் சாவி ஒன்று எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது, ஒன்று என்னிடம். வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் வீட்டுக்காரரைக் கேட்டு, உங்கள் செலவிலாவது சிலிண்டரையோ பூட்டையோ மாற்றிவிடுங்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எத்தனை டூப்ளிகேட் போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறோம், ரோந்து வரும்போது பார்த்துக்கொள்கிறார்கள். பால் பாக்கெட்டையும் பேப்பரையும் நிறுத்திவிடுகிறோம். வாசலில் இரண்டு நாள் கோலம் விழவில்லை என்றால் அந்தத் தெருவில் நடப்பவனுக்கு அதுவே தகவல். தேனிக்குப் போன அந்த மூன்று நாளும் எங்கள் வாசல் வெறுமனே கிடந்தது. இப்போது நாங்கள் இல்லாத நாட்களில் எதிர்வீட்டு அக்காவின் மகள் வந்து தண்ணீர் தெளித்து ஒரு சின்னக் கோலம் போட்டுவிட்டுப் போகிறாள். அவர்கள் ஊருக்குப் போனால் அம்மா போடுகிறார்.

டிரங்குப் பெட்டி பழைய இடத்துக்குப் போய்விட்டது. தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு அம்மாவிடம் பேசுவேன். பேசிக்கொண்டே எழுந்துபோய்க் கதவைப் பூட்டுவார், போனைப் பூட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு. குமிழைத் திருப்பும்போது 'கடக்' என்று ஒருமுறை, கொஞ்சம் விட்டு இன்னொருமுறை. "ரெண்டு தடவையும் கேட்டுச்சா?" என்பார். கேட்டது என்று சொன்ன பிறகுதான் வைப்பார்.